பிறக்காத கொள்ளுப்பேரனுக்குத் தோட்டம் எழுதி வைத்தால் செல்லுமா?

கோபித்_தோட்டம்:
வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் 5 ஏக்கர் வாய்க்கால் பாசனத் தோட்டம், கிணறும் மோட்டார் சர்வீசும் சேர்த்து. பெரியவரின் சுயார்ஜிதம். உயில் வரைவு இப்படி இருக்கிறது: "என் காலத்துக்குப் பின் என் மகன் தன் ஆயுள் வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அவனுக்குப் பின் என் பேரன் தன் ஆயுள் வரை. அதற்குப் பின் பேரனுக்குப் பிறக்கும் ஆண் மக்களில் 25 வயது நிறைந்தவர்கள் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது. யாரும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது." பேரனுக்கு 9 வயது. பெரியவருக்கு மனைவி இல்லை. கட்டிக்கொடுத்த மகள்கள் இரண்டு பேர். உயிலில் அவர்கள் பேச்சே இல்லை. வெள்ளைக்காரன் காலத்து விதி ஒன்று குறுக்கே நிற்கும் என்கிறார் பத்திரம் எழுதுபவர். எதுவரைக்கும் செல்லும்?

பவானிக்கரை:
பத்திரம் எழுதுபவர் சொல்வது சரிதானுங்க. இங்கிலாந்தில் நிலக்கிழார்கள் தலைமுறை தலைமுறைக்கும் நிலத்தைக் கட்டிப்போடப் பார்த்ததைத் தடுக்க நீதிமன்றங்களே உருவாக்கிய விதி அது. 1682-ல் நார்ஃபோக் பிரபு வழக்கில் நாட்டிங்காம் பிரபு அடிப்படை போட்டார். பின்னால் அது, இப்போது உயிரோடு இருக்கும் ஒருவரின் ஆயுள், அதற்கு மேல் 21 வருசம் என்று நிலைத்தது. அதற்குள் சொத்து ஒருவருக்கு உறுதியாகப் பாத்தியப்பட்டுவிட வேண்டும்.

நம் ஊருக்கு வரும்போது அளவு மாறியது. உயிலுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 114. செட்டில்மெண்ட் போன்ற பத்திரங்களுக்குச் சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 14. உயிரோடு இருப்பவர்களின் ஆயுள், அதன்மேல் சொத்தை அடையப்போகிற பிள்ளையின் மைனர் காலமான 18 வருசம். அவ்வளவுதான். அந்த ஆயுள் முடியும்போது பிள்ளை பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கருவிலாவது இருக்க வேண்டும்.

உங்கள் வரைவில் மகனுக்கும் பேரனுக்கும் கொடுத்த ஆயுள் அனுபவம் செல்லும். உயிரோடு இருக்கிற எத்தனை பேருக்கும் வரிசையாக அப்படிக் கொடுக்கலாம். உடைகிற இடம் 25 வயது. பேரன் இறக்கும்போது அவன் பிள்ளைக்கு ஒரு வயது என்றால் இன்னும் 24 வருசம் காத்திருக்க வேண்டும், 18-ஐத் தாண்டிவிடுகிறது. பிரிவு 114-க்குச் சட்டம் தரும் உதாரணத்திலேயே இதே 25 வயதுக் கணக்கு வருகிறது.

பெரியவர் கண்மூடும் நாளில் பிறந்திருக்கிற கொள்ளுப்பேரனுக்கு இந்தத் தடை இல்லை. பிரிவு 115-ன்படி பிறகு பிறப்பவர்களுக்கு மட்டும்தான் செல்லாமல் போகும்.

கோபித்_தோட்டம்:
பேரன் 80 வயது வரை இருந்து, பிள்ளைகள் அதற்குள் 25 தாண்டிவிட்டால்? அப்போதும் செல்லாதுங்களா?

சென்னிமலை_வழக்கு:
செல்லாதுங்க. நடந்ததைப் பார்ப்பதில்லை, நடக்கக்கூடியதைத்தான் பார்ப்பார்கள். உயிலுக்கு எழுதியவர் இறந்த நாள், பத்திரத்துக்கு எழுதிக்கொடுத்த நாள்; அன்றைக்கு நின்று பார்க்கும்போது கெடு தாண்ட ஒரு வழி இருந்தாலும் போதும். இங்கிலாந்தில் 1787-ல் ஜீ எதிர் ஆட்லி வழக்கில், முதிய தம்பதிக்கு இனியும் ஒரு பெண் பிறக்கக்கூடும் என்று வைத்தே உயிலின் ஒரு பகுதியைத் தள்ளினார்கள். அந்தக் கடுமையை அவர்கள் 1964-ல் தளர்த்தினார்கள். கெடு உண்மையிலேயே தாண்டுகிறதா என்று பொறுத்திருந்து பார்க்கலாம் என்றாயிற்று. 2010 ஏப்ரல் 6-லிருந்து புதிய ஆவணங்களுக்கு ஒரே கெடு, 125 வருசம். நம் பிரிவு 114 அப்படியேதான் இருக்கிறது.

இனி வீட்டில் சண்டை வருகிற இடத்துக்கு வருவோம். அந்தக் கடைசி வரி விழுந்தால், பேரன் காலத்துக்குப் பின் தோட்டம் யாருக்கு? எஞ்சிய சொத்து இன்னாருக்கு என்று உயிலில் ஒரு வரி இருந்தால் அவருக்கு. இல்லாவிட்டால் பெரியவர் உயில் எழுதாமல் இறந்தது போல அந்தப் பகுதி அவருடைய முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். பெரியவர் இறந்த அன்றைக்கு மூன்று பிள்ளைகளும் உயிரோடு இருந்தால் மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. பெயரே எழுதாத மகள்களின் பிள்ளைகள் பின்னாளில் பங்கு கேட்டு வருவது நியாயமான கேஸ்தான். பெரியவர் மனசில் உள்ளது அதுவல்ல என்றால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "25 வயது வரை யாரும் எஞ்சாவிட்டால் குலதெய்வக் கோயிலுக்கு" என்று எழுதித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முன்னது இந்த விதியில் விழுந்தால், அதைச் சார்ந்து நிற்கும் பின்னதும் விழும், பிரிவு 116.

பவானிக்கரை:
திருத்தம் பெரிய வேலை இல்லைங்க. 25-ஐ எடுத்துவிட்டு, "பேரன் காலத்துக்குப் பின் அவன் மக்கள் அனைவரும் சம பாகமாய்ச் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது, மைனராய் இருந்தால் 18 வயது நிறையும் வரை இன்னார் நிர்வகிக்க வேண்டியது" என்று போடுங்கள். பிறக்காத பிள்ளைக்கு வெறும் ஆயுள் அனுபவம் கொடுக்கக் கூடாது. எஞ்சிய உரிமை முழுவதும் கொடுத்தால்தான் பிரிவு 113-ல் நிற்கும். கொள்ளுப்பேரனுக்கும் ஆயுள் அனுபவம், எள்ளுப்பேரனுக்குச் சொத்து என்று இழுத்தால் கொள்ளுப்பேரனுக்குக் கொடுப்பதிலேயே அறுந்துவிடும்.

"விற்கக் கூடாது" என்பது சர்வ சுதந்திரம் பெற்றவனைக் கட்டாது. மகனும் பேரனும் எப்படியும் தங்கள் ஆயுள் உரிமைக்கு மேல் விற்க முடியாது. அதனால் அந்த வரியால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. எஞ்சிய சொத்துக்கு ஒரு வரி, கிணற்றுக்கும் வண்டித்தடத்துக்கும் ஒரு வரி, கையெழுத்துக்கு இரண்டு சாட்சிகள். இவை விட்டுப்போகக் கூடாது. சாட்சிகளாக உயில்படி சொத்தை அடையப்போகிறவர்களையோ அவர்கள் வீட்டாரையோ போடாதீர்கள்.

காங்கேயம்_பத்திரம்:
இப்படிப்பட்ட நிலத்தைக் கிரயம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை; பதியாத உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது. ஆயுள் அனுபவக்காரர் பேரில் பட்டா மாறியிருக்கும், கிரயமும் நடந்துவிடும். அவர் இறந்த பிறகுதான் அடுத்த உரிமைக்காரர் வழக்குப் போடுவதற்கான கால வரம்பின் 12 வருசம் ஓடவே தொடங்கும். கிரயம் வாங்கியவர் 30 வருசம் பண்ணையம் பண்ணியிருந்தாலும் அந்தக் கணக்கு உதவாது. பட்டாவுக்கு முன்னால் இருந்தவர் எப்படி அடைந்தார், உயிலா, பாகப்பிரிவினையா என்று கேட்டு, உயில் என்றால் முழு நகலையும் வாங்கிப் படித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.