குறைத்த எடை மீண்டும் ஏறத் தொடங்கும்போது மனம் ஏன் பார்க்க மறுக்கிறது?

கேள்வி: திண்டுக்கல் ஆசிரியை

எனக்கு வயது 43. மூன்று ஆண்டுகளுக்கு முன் 82 கிலோ இருந்த நான், இரவுச் சோற்றைக் குறைத்தும் பள்ளிக்கு நடந்தே சென்றும் ஒன்றரை ஆண்டில் 69 கிலோவுக்கு வந்தேன். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அந்த எடையிலேயே இருந்தேன். கடந்த தை மாதம் நாத்தனார் மகளின் திருமணத்தில் நான்கு நாட்கள் பந்தியும் பலகாரமுமாகக் கழிந்தன. வீடு திரும்பிய அன்றே எடை பார்த்திருந்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பார்க்கத் துணிவு வராமல் எடை இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற எண்ணம் அன்று தொடங்கியது, இன்றுவரை போகவில்லை. சென்ற வாரம் மருத்துவரிடம் போனபோது 74 கிலோ காட்டியது.

என்ன சாப்பிட வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆகவே தயவுசெய்து உணவுப் பட்டியல் வேண்டாம். எல்லாம் தெரிந்தும் மனம் ஏன் இப்படி ஒளிந்துகொள்கிறது, அதை எப்படித் திருப்புவது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மனநல ஆலோசகர், திருச்சி

சகோதரி, நீங்கள் எழுதிய முக்காட்டுப் பழமொழியைத்தான் உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் செய்த சோதனையில், எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னபோது, வயிறு நிறைந்தவர்கள் குறைவாக உண்பதற்குப் பதிலாக, மில்க் ஷேக் குடிக்காமல் இருந்தவர்களைவிட அதிகமாக உண்டார்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது, இனி இன்றைய நாள் போனதுதான் என்று மனம் கணக்கை மூடிவிட்டது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களிடம் உளவியலாளர் ஆலன் மார்லட் கண்டதும் இதையே. ஒரு சறுக்கல் தானாகவே பழைய நிலைக்கு இழுத்துச் செல்வதில்லை. அந்தச் சறுக்கலிலிருந்து 'நான் இவ்வளவுதான்' என்று எடுக்கும் முடிவுதான் இழுத்துச் செல்கிறது.

உங்கள் உடலும் இதில் சும்மா இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைத்தவர்களின் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டுக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திருமணத்திற்குப் பிறகு உங்களுக்கு வந்த அந்தப் பசி மெய்யான பசி. அதை ஒழுக்கக் குறைவு என்று நீங்கள் பெயரிட்டதால் வெட்கம் வந்தது. வெட்கம் வந்ததால் இயந்திரம் கட்டிலுக்கு அடியில் போனது.

இதற்கு உதவும் வழி பெரிதும் எளிமையானது. எடை குறைத்திருந்த 314 பேரைக் கொண்டு ரீனா விங் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் எடை பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று எல்லைகளில் குறித்துக்கொள்ளக் கற்பித்தார்கள். மஞ்சளுக்கு வந்தால் எங்கே தவறியது என்று யோசிக்க வேண்டும், 2.3 கிலோ கூடிச் சிவப்பைத் தொட்டால் எடை குறைத்த நாட்களின் பழக்கங்களை உடனே தொடங்க வேண்டும். பதினெட்டு மாதங்களில், இந்தப் பயிற்சி இன்றிச் செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் சுமார் 72 விழுக்காட்டினர் அந்த 2.3 கிலோவைத் தாண்டினார்கள். நேரில் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 46 விழுக்காட்டினரே தாண்டினார்கள். பாதிப் பேருக்கு அப்போதும் எடை ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இது மந்திரம் அன்று. ஆனால் ஒன்றரைக் கிலோவில் பார்த்தவருக்குத் திரும்பும் தூரம் குறைவு.

பதில் 2: வைகைக்கரையான்

நான் 17 கிலோ குறைத்து ஆறு ஆண்டுகளாகக் காத்து வருகிறேன். தினமும் எடை பார்ப்பதில்லை. திங்கட்கிழமை காலை மட்டும் பார்க்கிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு. முன்பெல்லாம் திங்களன்று எண் பிடிக்காவிட்டால் அன்று பட்டினி கிடப்பேன், இரவு பத்து மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறப்பேன். இப்போது எண் எதுவானாலும் அன்று வழக்கமான மூன்று வேளை உணவுதான் என்று உறுதி செய்துகொண்டேன். இந்த ஒரு மாற்றமே எனக்குப் பெரிதாக உதவியது.

விருந்துகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'அளவோடு சாப்பிடுவேன்' என்ற பொதுவான உறுதி, அத்தை கரண்டியோடு எதிரே நிற்கும்போது நிற்காது. ஆகவே முன்கூட்டியே முடிவு செய்து செல்கிறேன்: இரண்டாம் முறை சோறு வந்தால் இலைக்குக் குறுக்கே கை வைத்து 'ரசத்துக்கு இடம் வேண்டும் அத்தை' என்பேன், பாயசத்தை மறுப்பதில்லை, ஒரு முறை மனநிறைவோடு குடிப்பேன். சொல்ல வேண்டிய சொல் வாயில் தயாராக இருப்பதால் அந்த நேரத்தில் மனம் தடுமாறுவதில்லை.

பதில் 3: செங்காந்தள்

மேலே உள்ளவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் எடை இயந்திரம் நன்மை செய்யாது. கல்லூரிக் காலத்தில் யாருக்கும் தெரியாமல் கட்டுக்கடங்காமல் உண்டு, பிறகு இரண்டு நாள் உண்ணாமல் இருந்தவள் நான். அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குச் சுழற்சி தொடங்கிவிடும். மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் எட்டு மாதங்கள் சென்று, வேளை தவறாமல் உண்ணப் பழகிய பிறகுதான் நிலை சீரானது. இப்போது புடவைக்கான ரவிக்கையும் மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சுமே எனக்கு அளவுகோல். ஆசிரியை அவர்களே, தனிமையில் அப்படி உண்ணும் வழக்கம் உங்களுக்கும் இருந்தால், எண்ணைக் குறிப்பதற்கு முன் அதற்கு உதவி பெறுங்கள்.

மறுமொழி: திண்டுக்கல் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. செங்காந்தள், அத்தகைய வழக்கம் எனக்கு இல்லை. அக்கறையோடு கேட்டதற்குத் தனி நன்றி. இன்று காலை இயந்திரத்தை எடுத்துத் தூசு துடைத்தேன்: 73.6. வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் வழக்கம்போல் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு நடந்தே வந்தேன். 69-ஐ இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, 73.6-க்கு மேல் ஏறாமல் இரண்டு மாதம் நிற்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாமா என்று ஆலோசகர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1 தொடர்ச்சி: மனநல ஆலோசகர், திருச்சி

தாராளமாக. சிவப்பு எல்லையை 75.5 என்று வையுங்கள். அதைத் தொட்டால் முதலில் எந்த ஒரு பழக்கத்தைத் திரும்பத் தொடங்குவீர்கள் என்பதையும், மனம் தெளிவாக இருக்கும் இன்றே, இயந்திரத்தின் அருகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.