சிலேன் + கார்பன் டை ஆக்சைடு லேசர்: படலத்துக்குப் பதில் பொடி வருகிறது

பழுப்புப்பொடி:
வணக்கம். சிலேனை (சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு) 10.6 மைக்ரான் லேசரால் சிதைத்து நானோபடிக சிலிக்கான் படலம் எடுக்க முயல்கிறேன். லேசர் கற்றை சப்ஸ்ட்ரேட்டுக்கு (படலம் படிய வேண்டிய தட்டு) இணையாக, 5 மி.மீ. மேலே போகிறது. அழுத்தம் 300 டார். படிவது பழுப்புப் பொடி. டேப் ஒட்டி உரித்தால் மொத்தமும் டேப்போடு வந்துவிடுகிறது. லேசர் பவரைக் கூட்டலாமா?

குவார்ட்ஸ்:
கொஞ்சம் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு கலந்து பாருங்கள். அந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சி, சூட்டைச் சிலேனுக்குக் கடத்தும்.

வெற்றிடவாசி:
குவார்ட்ஸ் சொல்வது இரும்பு பென்டாகார்பனைல் போல, தானாக உறிஞ்சாத வாயுவுக்குச் சரி. சிலேனுக்கு எதற்கு? அதுவே 10.6-ஐ விழுங்கும். வீணாக ஃபுளோரினும் கந்தகமும் படலத்தில் குடியேறும்.

எம்.ஐ.டி.யில் ஹேகர்ட்டி குழு 1980களின் தொடக்கத்தில் இதே வாயு, இதே லேசரை வைத்துச் சிலிக்கான் தூள் செய்தது. அவர்களுக்குத் தூள்தான் வேண்டும்! நீங்களும் அறியாமல் அதே ஆலையைத்தான் ஓட்டுகிறீர்கள். 300 டாரில், உடைந்த மூலக்கூறுகள் கீழே வந்து சேருமுன் ஒன்றோடொன்று மோதி, கற்றைக்குள்ளேயே துகளாகிவிடும். பவரைக் கூட்டினால் பொடிதான் கூடும்.

முதலில் அழுத்தத்தை நன்றாக இறக்குங்கள். ஒரு சிக்கல் வரும்: சிலேனின் உறிஞ்சல் கோடுகள் (அது உறிஞ்சும் அலைநீளங்கள்) மெல்லியவை, அழுத்தம் இருந்தால்தான் அகன்று லேசர் கோட்டோடு பொருந்தும். அழுத்தம் குறைந்தால் வாயு சூடேறாது. அதை ஈடுகட்ட உருளை லென்ஸ் போட்டுக் கற்றையைத் தட்டையாக்கி, சப்ஸ்ட்ரேட்டுக்கு நெருக்கமாகக் கொண்டு வாருங்கள். பவரைத் தொடுவது அதற்கப்புறம். சப்ஸ்ட்ரேட்டைத் தனியாகச் சூடாக்குங்கள். குளிர்ந்த பரப்பில் எதுவும் ஒழுங்காக ஒட்டாது.

பழுப்புப்பொடி:
நன்றி சார். ஹைட்ரஜன் கலக்கலாமா? படிகமா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

வெற்றிடவாசி:
கலக்கலாம், படிகமாக உதவும். ராமன் நிறமாலை (படலத்தில் லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை அளப்பது) எடுங்கள்: 520 செ.மீ.⁻¹ பக்கத்தில் கூர்மையான முகடு வந்தால் படிகம், 480-ல் அகன்ற மேடு என்றால் உருவற்ற சிலிக்கான். முகடு 520-க்குச் சற்றுக் கீழே நகர்ந்து அகலமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள், துகள் நானோ அளவில் இருக்க வாய்ப்பு அதிகம். (ராமன் லேசரின் சூட்டாலும் முகடு நகரும், ராமன் பவரைக் குறைத்து மறுபடி பாருங்கள்.)

லேசர் உள்ளே நுழையும் ஜிங்க் செலினைடு ஜன்னலுக்கு உள்பக்கம் ஆர்கான் ஓட விடுகிறீர்களா? இல்லையென்றால் உங்கள் பொடி அங்கேயும் படிந்து, சூடேறி, ஜன்னல் விரிசல் விட்டுக் காற்று உள்ளே வரும். காற்று பட்டாலே சிலேன் பற்றிக்கொள்ளும் என்பது தெரிந்ததுதானே; முதலில் ஜன்னலைப் பாருங்கள்.