ஹொக்கி மட்டைக்கு நாடா ஒட்டுவதா, வரிவதா?

அன்புள்ள அண்ணா,

ஐஸ் ஹொக்கிச் சொற்பட்டியலில் மட்டைக்கு டேப் போடுவதற்கு ‘நாடா ஒட்டல்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை. கிழிந்த உறையை ஒட்டுகிறோம். அதில் இழுவை இல்லை. இங்கே ரொறன்ரோவில் மகனோடு அரங்குக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், இந்த வேலையில் இழுவைதான் எல்லாம்.

மட்டையின் அடியில் வட்டை அடிக்கும் பட்டையான அலகில், கைப்பிடித் தண்டோடு சேரும் குதியில் தொடங்கி நுனிவரை துணிநாடாவை இறுக்கி இழுத்துச் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேல் கால்வாசியோ அரைவாசியோ ஏறவேண்டும். கை தளர்ந்தால் சுருக்கம் விழும், ஈரம் புகும், ஆட்டம் முடியுமுன்னே நாடா கிளம்பிவிடும். நுனியில் மிஞ்சியதைக் கத்தரிக்கோலால் வளைவோடு வெட்டி, பந்துக்குப் பதிலாக ஆடும் வட்டின் விளிம்பால் அழுத்தித் தேய்ப்பார்கள். பனி ஒட்டாதிருக்கச் சிலர் மெழுகும் பூசுவார்கள்.

இழுத்துச் சுற்றி இறுக்குவதற்கு நம்மிடம் ‘வரிதல்’ இருக்கிறதே. மூட்டையைக் கயிற்றால் வரிந்து கட்டுகிறோம். ஆகவே ‘நாடா வரிதல்’. ஒரு சுற்று மற்றதன் மேல் ஏறும் அளவுக்கு ‘மேலேற்றம்’.

திசைக்கும் சொல் வேண்டும். கிடுகு வேய்வது போலத்தான், எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து விளிம்புகள் பார்க்கும் பக்கம் மாறும். குதியிலிருந்து வரிந்தால் நாடாவின் விளிம்புகள் குதியைப் பார்க்கும். நுனியை நோக்கி உருளும் வட்டு அவற்றில் உரசிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வரிந்தால் அந்த உரசல் குறையும். எது நல்லது என்று விளையாடுபவர்களே ஒத்துப்போவதில்லை. ‘குதிவரி’, ‘நுனிவரி’ என்று இரண்டையும் பட்டியலில் சேர்க்கலாம்.

தண்டின் மேல்முனையில் நாடாவால் திரட்டுவதைக் ‘குமிழ்’ என்போம். மட்டை கீழே விழுந்தால் தண்டைப் பனித்தரையிலிருந்து சற்றுத் தூக்கி வைப்பது இதுதான். தடித்த கையுறையோடு எடுக்க வசதி. வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்ஹெச்எல்லின் விதிப்படி கோல் காவலரின் மட்டைக்குக் குமிழ் கட்டாயம்: வெள்ளை நாடா, அல்லது லீக் ஏற்ற வேறு பாதுகாப்புப் பொருள், தடிப்பு அரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குமிழுக்குக் கீழே, முறுக்கிய நாடாவைத் தண்டில் சுருளாக ஓட்டி, மேலே இன்னொரு நாடா வரிவார்கள், பிடி வழுக்காது. அந்த முறுக்கிய நாடாவைத் ‘திரி’ எனலாமா?

தங்கை

----

அன்புத் தங்கைக்கு,

‘வரிதல்’ சரி, ‘ஒட்டல்’ என்பதை எடுத்துவிடுகிறேன். குமிழும் நிற்கட்டும், கதவுக் குமிழ் எல்லாருக்கும் தெரியும்.

‘குதிவரி’யில் மட்டும் எனக்குத் தயக்கம். வரி என்று பெயராக வந்தால் கோடு என்றோ அரசுக்குக் கட்டும் வரி என்றோதான் முதலில் படும். கோடு போட்ட மட்டை என்று சின்னப் பிள்ளைகள் நினைக்கக்கூடும். ‘குதிமுதல் வரிதல்’, ‘நுனிமுதல் வரிதல்’ என்று நீட்டியே எழுதுவோம். தொடங்கும் இடமும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

‘திரி’ நல்ல சொல். நாடாச்சுருளைத் தொங்கவிட்டுச் சுழற்றித்தானே முறுக்குகிறார்கள்? அது திரிப்பதேதான். தனியே நின்றால் விளக்குத் திரி நினைவுக்கு வரும் என்பதால் ‘பிடித்திரி’ என்று பதிகிறேன்.

அண்ணன்

----

அண்ணா, ‘குதிமுதல் வரிதல்’ எனக்கும் சம்மதம். அலகுக்கு அடுத்த பதிவாகவே இவற்றைச் சேர்த்துவிடுங்கள்.