வெள்ளம் வடிஞ்ச பிறகு கூட்டாளியள் வீடு கழுவப் போன அனுபவம்

மருதநிலா:
2018 மார்கழி, கிளிநொச்சியில இரணைமடுக் குளத்தின்ட வான்கதவு திறந்து முரசுமோட்டைப் பக்கம் தண்ணிக்குள்ள போச்சுதே, அந்த முறை. என்னோட படிச்சவளின்ட வீடு. நாலு பேர் தும்புத்தடி வாளி மண்வெட்டியோட போனனாங்கள். சுவரில யன்னல் மட்டத்துக்குக் கோடு, குசினிக்குள்ள கணுக்கால் வரைக்கும் களி, நெல் மூட்டை ஊறி வெடிச்சு ஒரே புளிச்ச மணம். அதெல்லாம் கழுவியாச்சு. எனக்கு இண்டைக்கும் மனசுக்குள்ள கிடக்கிறது சாமியறையில இருந்த அவளின்ட தம்பியின்ட படம். பெடியன் 2009 இல இல்லாமப் போனவன். அந்த ஒரு படத்தை அம்மா கடைசி யுத்தத்துக்க மாத்தளன் வரைக்கும் சொப்பிங் பையில சுத்தி நெஞ்சுக்குள்ள வச்சுக் கொண்டுபோனவா. பிறேமுக்குள்ள சேத்துத்தண்ணி நிண்டுது, காயப்போடுவம் எண்டு நான்தான் பின்பக்கத்தைக் கழட்டி இழுத்தன். முகம் கண்ணாடியோடயே போட்டுது. கையில வந்தது சேட்டும் வெள்ளைப் பேப்பரும். அம்மா ஒண்டும் சொல்லேல்ல. எனக்குப் பிளேன்ரீ ஊத்தித் தந்தவா.

கண்டாவளையான்:
தங்கச்சி குறை நினையாதேங்கோ, அதை இழுத்திருக்கக் கூடாது. கண்ணாடியில ஒட்டின படத்தைக் கண்ணாடியோடயே நல்ல தண்ணியில அலசி, மேலால ஃபோனில ஒரு படம் எடுத்து வச்சிருந்தாக் காணும், பிறகு ஸ்டூடியோவில பெரிசாப் பிரிண்ட் போட்டுக் குடுப்பாங்கள். அல்பம் எண்டா பச்சைத் தண்ணிக்குள்ள போட்டு விடுங்கோ, ஒட்டினது மெல்ல மெல்லக் கழரும், முகம் மேல பாக்க நிழலில காயவிடவேணும், வெயிலில வச்சா சுருண்டு போம். முகப் பக்கத்தைத் துணியால துடைக்கவே கூடாது. மச்சாளின்ட கலியாண அல்பத்தில பாதியை நான் இப்பிடித்தான் எடுத்தனான்.

ஒட்டுசுட்டான்:
அண்ணை, அந்த நேரம் ஆருக்கு உதெல்லாம் தெரியும்? அந்தப் பிள்ளை ஏழு வருசமாச் சுமக்குது, அதுக்கு மேல நீங்கள் வேற.
போன கார்த்திகை, 2025, டித்வா புயலுக்குப் பிறகு கூட்டாளி வீட்டு வளவில சேறு அள்ளேக்க மண்வெட்டி டங் எண்டுது. ஆறு பேரும் அப்பிடியே நிண்டிட்டம். எங்கட மண்ணில அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் எண்டு சொல்லத் தேவையில்ல, வெள்ளம் எங்கயோ கிடந்த மிதிவெடியைக் கொண்டுவந்து எங்கயும் போடும். கன நேரம் ஆரும் கிட்டப் போகேல்ல. பிறகு மழை ஒருக்கா அடிச்சு மண் கரையத்தான் தெரிஞ்சுது, வீட்டுக்காரியின்ட தேங்காய்த் திருவலை. ஒருத்தரும் சிரிக்கேல்ல.
சேறு அள்ளப் போறவை, இரும்பு தட்டுப்பட்டா கிண்டாதேங்கோ, விலகி நிண்டு பொலிசுக்குச் சொல்லுங்கோ. கிணத்தையும் வடிஞ்ச அண்டைக்கே அடிமட்டும் இறைக்காதேங்கோ, நிலம் ஊறிக் கிடக்கேக்க உள்ள தண்ணி இல்லாட்டி கட்டு இடிஞ்சு விழும், பி.எச்.ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கேட்டு இறைச்சு குளோரின் போடுங்கோ, கொதிச்சாறின தண்ணியைத்தான் குடியுங்கோ. காலில வெடிப்போ காயமோ இருந்தா பூட்ஸ் இல்லாமச் சேத்துக்க இறங்காதேங்கோ, எலிக்காய்ச்சல் 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில உயிரெடுத்தது. காய்ச்சல் வந்தா பனடோலோட இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளத்துக்க நிண்டனான் எண்டு சொல்லுங்கோ.
தங்கச்சி, அந்தக் கண்ணாடியை எறிஞ்சவையோ?

மருதநிலா:
இல்லை அண்ணை. எறிய அம்மா விடேல்ல. ஒரு வெள்ளைப் பேப்பரைப் பின்னால வச்சு திரும்பப் பிறேம் போட்டவா, கண்ணும் ஒரு பக்கக் கன்னமும் தெரியுது. பொங்கலுக்குப் போகேக்க ஃபோனில எடுக்கப் போறன்.