டிராப் இசைக்குக் 'கண்ணியிசை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சொல்லிசைஞர் (ராப் பாடகர்) கூச்சி மேன் பற்றிய கட்டுரைக்காக, 'டிராப்' (trap, அதாவது பொறி) என்ற சொல்லிசை வகைக்குத் தமிழ்ச்சொல் கேட்டு வந்த மடலைப் பார்த்தேன். 'டிராப்' என்றே எழுதிவிடலாம் என்கிறார் ஒருவர். 'பொறியிசை' என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

நடன இசையில் தாளம் திடுமென்று இறங்கும் இடத்துக்கும் 'டிராப்' (drop) என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் வெவ்வேறான இரண்டு இசைச்சொற்கள் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். 'பொறி'க்கோ ஏற்கெனவே வேலை அதிகம்: பொறியியல், தீப்பொறி, ஐம்பொறி. 'பொறியிசை' என்றால் எந்திர இசை என்றுதான் படிப்பார்கள். இந்த இசையின் அடிநாதமே ரோலண்ட் 808 என்ற தாள எந்திரம் என்பதால் குழப்பம் நிச்சயம்.

அமெரிக்காவின் அட்லாண்டா வட்டாரத்தில் 'டிராப்' என்பது போதைப்பொருள் காய்ச்சி விற்கும் வீடு. விற்பவனும் வாங்குபவனும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும் இடம். 2003இல் டி.ஐ. என்ற சொல்லிசைஞர் தன் இசைத்தொகுப்புக்கே அந்தப் பெயரை வைத்தார். அப்புறம் அது ஒரு வகைக்கே பெயராக நிலைத்துவிட்டது.

கூச்சி மேனின் வாழ்க்கையைப் பார்த்தால் சொல்லின் இந்த இரண்டாம் பொருள், மாட்டிக்கொள்ளும் பொறி என்பது, இன்னும் தெளிவாகும். இயற்பெயர் ராட்ரிக் டேவிஸ். 1980இல் அலபாமாவின் பெஸ்ஸமரில் பிறந்து, சிறு வயதில் அட்லாண்டாவுக்கு வந்தவர். பதின்ம வயதிலேயே போதை விற்பனை. பாட வந்தபோது துணைக்குக் கிடைத்தவர் இசையமைப்பாளர் சேடோவன். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அதனால்தான் அந்தப் பாடல்களில் கனத்த 808 அடிக்கு மேலே தேவாலய வாசனையுள்ள பியானோ கேட்கிறது. தனியாகக் கேட்டுப் பாருங்கள், அவ்வளவு அழகு.

2005 மேயில் முதல் தொகுப்பு வெளியானது. அதே மாதம் அவரைத் தாக்க வந்தவர்களில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டு, அவர்மேல் கொலை வழக்கு. தற்காப்பு என்றார், போதிய சான்றில்லை என்று 2006இல் வழக்கைக் கைவிட்டார்கள். அதோடு விடவில்லை. புகழ் ஏற ஏறச் சிறைவாசமும் திரும்பத் திரும்ப வந்தது. 2014இல் சட்டவிரோதத் துப்பாக்கி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போனவர், 2016 மேயில் உடல் இளைத்து, போதையை விட்டு வெளியே வந்தார். சில வாரங்களில் புதுத் தொகுப்பு. அந்த ஆண்டே ரே ஸ்ரெம்மர்டு என்ற சொல்லிசை இரட்டையருடன் பாடிய பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இடையில் மிகோஸ், யங் தக் போன்ற சொல்லிசைஞர்களைத் தொடக்கத்திலேயே கைதூக்கிவிட்டவரும் இவர்தான். அவருடைய இசை நிறுவனத்தின் பெயரான 1017, பெஸ்ஸமரில் தாத்தா வீட்டின் கதவெண்.

ஆகவே என் பரிந்துரை 'கண்ணி'. கவுதாரிக்கு வைக்கும் சுருக்கு அது. இழுக்க இழுக்க இறுகும். கூடவே, ஈரடிப் பாட்டுக்கும் நம்மிடம் கண்ணி என்றே பெயர்; தாயுமானவரின் பராபரக்கண்ணி எல்லாருக்கும் தெரிந்ததுதான். சொல்லிசையும் பெரும்பாலும் அடிக்கு அடி இயைபு வைத்து இரண்டிரண்டாக ஓடுகிறது. மூலச்சொல்லில் இல்லாத இந்தப் பொருத்தம் தமிழில் தானாக அமைகிறது. இதைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஒரு வலுவான மறுப்பு வரும்: பேச்சில் ணகரமும் னகரமும் மயங்கி 'கன்னியிசை' என்று காதில் விழுமே? விழலாம். ஆனால் 'கண்ணிவெடி'யை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. புழக்கம் வந்தால் இதுவும் அப்படித்தான்.

வகைக்குக் கண்ணியிசை, பாடுபவருக்குக் கண்ணிச் சொல்லிசைஞர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக்குக் 'கண்ணிவீடு' என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் இடிக்கிறது. வட்டாரப் பேச்சில் கள்ளச்சாராயம் விற்கும் வீட்டுக்கு ஏதாவது பெயர் வழங்குகிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.