மண் பரிசோதனை பள்ளிப் பிள்ளைகள் கையில்: பாடமா, அட்டை போடும் வேலையா?

உப்பங்கழி:

விவசாயியின் மண்ணைச் சோதித்து, சத்து நிலையையும் உரப் பரிந்துரையையும் எழுதிக் கொடுக்கும் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியது பலருக்கும் தெரியும். அதிலிருந்து கிளைத்த பள்ளி மண்வளத் திட்டத்தைப் பற்றித்தான் பேச்சே காணோம். முதலில் கேந்திரிய வித்யாலயா, நவோதயா என்று 20 பள்ளிகளில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். பிறகு பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா பள்ளிகளும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பள்ளிக்குள்ளேயே ஒரு சின்ன ஆய்வகம். பிள்ளைகள் பக்கத்து வயல்களில் மண் எடுத்து, சோதித்து, அட்டை தயாரித்து, விவசாயியிடம் கொடுத்து விளக்க வேண்டும்.

இது நம் மாநில அரசுப் பள்ளிகளுக்கும் வர வேண்டும் என்பது என் கட்சி. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை அறிவியல் சோதனைகளுக்கான வானவில் மன்றம் 2022-லிருந்து நடக்கிறது. செய்து பார்த்துக் கற்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. நான் நாகைக் கடலோரத்தில் ஆசிரியராக இருக்கிறேன். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய வயல்கள் எங்கள் பக்கம் உண்டு. அடுத்தடுத்த மழையில் உப்பு கழுவிப்போய் மறுபடியும் நெல் விளைந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். 'உவர் மண்' என்று புத்தகத்தில் ஒரு வரி படித்துவிட்டுப் போகிற பிள்ளை, அதே வயலில் மண் எடுத்து மீட்டரில் எண்ணைப் பார்த்தால் அந்தப் படிப்பே வேறு. விவசாயிக்கும் பயன்.

சோதனைக்குழாய்:

படிப்புக்கு என்றால் நானும் உங்கள் பக்கம். "விவசாயிக்கும் பயன்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மண் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அட்டையில் 12 விவரங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்ற நுண்சத்துகள், கடைசியாகக் கார அமில நிலை (pH), உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், மட்கின் அளவைக் காட்டும் கரிமக் கார்பன். இதில் கார அமில நிலையும் மின்கடத்துத்திறனும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒழுங்காகச் செய்யக்கூடியவை. கரிமக் கார்பனுக்கு ஆய்வகங்களில் செய்யும் வாக்லி-பிளாக் முறைக்குப் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் வேண்டும். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். சோதனை முடிந்ததும் அந்தக் கழிவை எங்கே ஊற்றுவீர்கள்? பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலிலா?

அமிலம் வேண்டாம், நிறம் பார்க்கும் பெட்டி போதும் என்பீர்கள். கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஒரே மண்ணின் நிறத்தைப் பார்த்து ஒரு பிள்ளை 0.45 என்கும், இன்னொன்று 0.55 என்கும். வகுப்பறையில் இது பிரமாதமான பாடம். அட்டையில் ஏறிவிட்டால் யூரியா மூட்டைக் கணக்கே மாறும்.

தண்ணீரையும் மறந்துவிடாதீர்கள். கார அமில நிலைக்கும் மின்கடத்துத்திறனுக்கும் 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) ஊற்றி, அவ்வப்போது கலக்கிவிட்டு, அரை மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். வாலைவடிநீர் தீர்ந்துபோன அன்றைக்கு யாராவது போர் தண்ணீரை ஊற்றுவார்கள். பல ஊர்களில் அந்தத் தண்ணீரிலேயே மண்ணைவிட உப்பு அதிகம். மீட்டர் தண்ணீரை அளந்துவிட்டு மண்ணின் பெயரில் எண் காட்டும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ரத்த வகை பார்க்கக் கற்றுத்தருகிறோம். அவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டை நம்பி யாருக்காவது ரத்தம் ஏற்றுவோமா?

மேட்டாங்காடு:

தம்பி, பிள்ளைகள் தப்பாகச் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். பெரியவர்கள் போடுகிற கணக்கையும் கொஞ்சம் கேளுங்கள். அட்டைத் திட்டத்தின் விதிப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி. மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. கிட்டத்தட்ட 25 ஏக்கர்.

எங்கள் பல்லடம் பக்கத்து மானாவாரியை வந்து பாருங்கள். 25 ஏக்கருக்குள் செவலைக்காடும் இருக்கும், கருமண் பள்ளமும் இருக்கும், கொத்தினால் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கிளம்புகிற கரடும் இருக்கும். சுண்ணாம்பு ஏறிய காட்டில் நிலக்கடலை இரும்புச்சத்து எடுக்க முடியாமல் வெளிறி நிற்கும். பக்கத்துக் கருமண்ணில் அந்தத் தொல்லை இருக்காது. இரண்டு பேரும் ஒரே மண்ணுக்கான அட்டையைக் கையில் வைத்திருக்கலாம். ஆய்வகம் மூன்றாவது தசமம் வரை சரியாகச் சொல்லி என்ன பிரயோசனம், மண்ணே என் மண் இல்லையே?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கள் காட்டுக்குள் இறங்கி எடுப்பார்கள். அதுவே எனக்குப் போதும். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க உங்கள் டைகுரோமேட் எதுவும் வேண்டாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் எந்த உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்திலும் இருக்கும். வாத்தியாரே இரண்டு சொட்டு விடட்டும். சுர்ரென்று நுரைத்தால் தெரிந்துபோகும்.

சாக்பீஸ்:

நடைமுறையையும் பேசிவிடுவோம், சார்.

போன வருடம் சுற்றுச்சூழல் மன்றத்துக்காக மண் எடுத்து வரச் சொன்னேன். ஒரு மாணவியின் அப்பா, கூலி வேலைக்குப் போகிறவர், மறுநாளே வந்துவிட்டார். "மண்ணைக் கிளறவா டீச்சர் இங்கே அனுப்பினேன்? அதை நான் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பேனே" என்றார். அவர் கோபத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மண்ணிலிருந்து தப்பிக்க வைக்கத்தான் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறார். நாம் மறுபடி மண்வெட்டியைக் கையில் கொடுக்கிறோம்.

அந்த மண்வெட்டி யார் கைக்குப் போகிறது என்பது அடுத்த சிக்கல். "நீ காட்டு வேலை பார்க்கிற வீட்டுப் பையன்தானே, நீ தோண்டு" என்று சக மாணவனே சொல்வான். டாக்டர் வீட்டுப் பிள்ளை நோட்டில் குறித்துக்கொள்ளும். கேட்டால் 'குழுச் செயல்பாடு' என்பார்கள். இதைக் கவனிக்காமல் எந்தத் திட்டம் வந்தாலும் நான் எதிர்ப்பேன். தோண்டுவது, எழுதுவது, அளப்பது எல்லாம் முறைவைத்து எல்லோருக்கும் வர வேண்டும்.

நேரம் பற்றி எழுதவே வேண்டாம். டிசம்பருக்குப் பிறகு பத்தாம் வகுப்பை யாராலும் வெளியே கூட்டிப்போக முடியாது.

வரப்புநண்டு:

எல்லோரும் ஆய்வகத்தைப் பிடித்துக்கொண்டே தொங்குகிறீர்கள். எண்ணே இல்லாமல் மண்ணைப் படிக்க முடியாதா?

இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டு துண்டு கொசுவலை, இரண்டு மண் கட்டி. ஒரு கட்டி வேலியோரம் வருடக்கணக்காகப் புல் மண்டிக் கிடக்கும் இடத்திலிருந்து. இன்னொன்று டிராக்டர் ஓட்டி ஓட்டிப் பொடித்த காட்டிலிருந்து. இரண்டும் ஒரே வகை மண்ணாக இருக்க வேண்டும், நிழலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வலையை டம்ளர் வாயில் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, தண்ணீர் நிரப்பி, கட்டியை மெதுவாக இறக்குங்கள். உழவுக்காட்டுக் கட்டி கொப்பளம் விட்டு, ஓரம் ஓரமாகச் சரிந்து, சில நிமிடங்களில் வலை வழியாகச் செந்தூளாகக் கொட்டிவிடும். புல்லடிக் கட்டி பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். வேரும் பூஞ்சை இழையும் மட்கும் சேர்ந்து துகள்களைப் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். ஒரு நல்ல மழைக்கு எந்தக் காடு மேல்மண்ணை இழக்கும் என்று இனி யாரும் விளக்க வேண்டாம்.

இன்னொன்று, துணி புதைப்பது. ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகள் பருத்தி ஜட்டியை மண்ணில் புதைத்து, எட்டு வாரம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2021-ல் ஆயிரம் பேருக்கு அனுப்பிப் புதைக்கச் சொன்னார்கள். உயிருள்ள மண்ணில் இடுப்பு எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும். நமக்குப் பழைய வேட்டித் துண்டு போதும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

மேட்டாங்காடு:

துணியா? எங்கள் பக்கம் புதைத்தால் ஒரே வாரத்தில் கறையான் தின்றுவிடும். மண்ணில் உயிர் இருக்கிறது என்று எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட வேண்டியதுதான். மழை இல்லாத சித்திரையில் புதைத்தால் கறையானும் எட்டிப்பார்க்காமல் புதைத்தபடியே வரும். குளிர்நாட்டுச் சோதனையை அப்படியே இறக்காதீர்கள்.

வரப்புநண்டு:

கறையான் வந்தால் கறையான் என்று எழுதிக்கொள்ளட்டுமே அண்ணா, அதுவும் மண்ணுயிர்தானே. ஐப்பசி மழைக்குப் பிறகு புதைத்தால் ஈரப் பிரச்சினை தீரும். டம்ளர் சோதனைக்கு நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

சோதனைக்குழாய்:

டம்ளர் சோதனை நல்ல சோதனை. களர் மண்ணுக்கு அதைவிடச் சுவையான ஒன்று சொல்கிறேன். களர் நிலத்து மண்ணை ஒரு பாட்டில் மழைநீரில் போட்டுக் குலுக்கி வையுங்கள். சோடியம் ஏறிய களி (களிமண் துகள்) பிரிந்து மிதக்கும். நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும். அதில் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டு மறுபடி குலுக்கி வைத்தால், களி திரண்டு அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும். ஜிப்சத்தில் உள்ள கால்சியத்தின் வேலை அது. களர் நிலத்துக்கு ஏன் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிக்கிறார்கள், பிறகு தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை மிதிக்கிறார்கள் என்பதற்குப் பாதிப் பதில் அந்தப் பாட்டிலிலேயே கிடைத்துவிடும்.

இதில் ஒரு பொறியும் உண்டு, வரப்புநண்டு. உப்பு மிகுந்த உவர் மண்ணையும் இதே மாதிரி குலுக்கிப் பாருங்கள். உப்பே களியைத் திரட்டிவிடும், தண்ணீர் பளிங்காகத் தெளியும். கண்ணை மட்டும் நம்பும் பிள்ளை 'நல்ல மண்' என்று எழுதிவிடும்.

உப்பங்கழி:

இதைத்தானே ஐயா நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! என் ஊர் மண்ணில் கண்ணுக்கு ஏமாற்றம்தான் மிச்சம். மீட்டரை வைத்தால்தான் உப்பு தெரியும். நீங்களே எனக்கு வாதம் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

அட்டை வேண்டாம் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு வேறொரு வருத்தம். முடிவு யாருக்கும் போய்ச் சேராது என்று தெரிந்தால் பிள்ளை ஏனோதானோ என்றுதான் அளக்கும். தன் எழுத்தை ஒரு விவசாயி வாசிக்கப்போகிறார் என்றால் மூன்று முறை அளக்கும். பொறுப்பு கொடுக்காமல் கவனம் எங்கிருந்து வரும்?

சோதனைக்குழாய்:

பொறுப்பு பிள்ளைக்கு, நட்டம் விவசாயிக்கா? மூன்று முறை அளப்பது நல்ல பழக்கம்தான். மீட்டரைக் கார அமில நிலை 4, 7, 9.2 என்று முன்பே தெரிந்த கரைசல்களில் சரிபார்க்காமல் முப்பது முறை அளந்தாலும் அதே தவறுதான் திரும்ப வரும். மண்ணில் குத்தியதும் முள் ஆடுகிற, பேட்டரிகூட இல்லாத மீட்டர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. நிதி வந்ததும் பல பள்ளிகள் அதைத்தான் வாங்கும், பாருங்கள். கார அமில நிலைக்கு அதை நம்பவே முடியாது.

இன்னொரு விஷயத்தை இதுவரை யாரும் தொடவில்லை. ஆய்வகத்தில் வரும் தவறைவிட மண் எடுப்பதில் வரும் தவறுதான் பெரிது. வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கிடந்த இடம், வாய்க்கால் ஓரம் எல்லாம் தவிர்த்து, வயலில் 10, 15 இடங்களில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கி, அரைக் கிலோ வரும்வரை இதையே செய்ய வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. அவசரத்தில் இருக்கும் ஊழியர் வரப்போரம் நின்று ஒரு கைப்பிடி அள்ளி முடித்துவிடுவார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விதியை விதியாகவே செய்வார்கள். மண் எடுப்பதைப் பள்ளி செய்யட்டும், அளப்பது ஆய்வகத்துக்கு வரட்டும். பள்ளி தன் பாட்டுக்குக் கார அமில நிலையும் மின்கடத்துத்திறனும் அளந்து வைத்துக்கொண்டு எங்கள் எண்ணோடு ஒப்பிடட்டும். வித்தியாசம் ஏன் என்று கேட்டு எழுதினால் நானே பதில் எழுதுகிறேன்.

சாக்பீஸ்:

இது எனக்குச் சம்மதம். முதலில் பள்ளி மைதானத்திலும் சமையலறைத் தோட்டத்திலும் பழகிவிட்டு வயலுக்குப் போகலாம். ஏழாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தால் தேர்வுத் தொல்லையும் இல்லை. அந்த அப்பாவைப் போன்றவர்களைத்தான் முதல் நாள் கூப்பிடுவேன். கூலி இல்லாமல் அல்ல, விருந்தினர் ஆசிரியருக்குக் கொடுக்கும் மதிப்போடும் தொகையோடும். எந்த இடத்தில் மண் எடுக்கக் கூடாது என்று அவர் சொல்வதை டாக்டர் வீட்டுப் பிள்ளை குறிப்பெடுக்கட்டும்.

உப்பங்கழி:

மண் எடுத்துக்கொடுக்கும் ஆட்களாக மட்டும் பள்ளியை நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. ஆய்வக முடிவு எப்போது திரும்பி வரும்? சம்பா நட்டபிறகு வந்து என்ன செய்ய? எங்கள் ஊரில் உப்புக்கும் கார அமில நிலைக்குமாவது பள்ளியே அட்டை தரலாம். ஆயிரம் பள்ளிகளில் முடிகிறது, எங்களிடம் ஏன் முடியாது?

சோதனைக்குழாய்:

அந்த இரண்டு எண்ணுக்கு மட்டும் என்றால் சண்டை போட மாட்டேன். உரப் பரிந்துரை ஒரு வரிகூட அதில் வரக் கூடாது. வந்தால் எதிர்ப்புதான்.

மேட்டாங்காடு:

பரிந்துரையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளைகள் அட்டையில் இரண்டே விஷயம் சேர்க்கட்டும்: மண் எடுத்த சர்வே நம்பர், எடுத்த தேதி. நிலக்கடலை பிடுங்கிய கையோடு வந்தால் என் காடு சும்மாதான் கிடக்கும். மண்வெட்டி நான் தருகிறேன். சுக்கான் கல் இருக்கிற மூலையில் மட்டும் கடப்பாரை வேண்டும், அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.