24 வீடு அப்பார்ட்மென்ட்: தண்ணீர் கசிவைக் கண்டுபிடிக்க எந்த சிஸ்டம் போடலாம்?

சங்கம்_செயலர்

வேளச்சேரி பக்கம், ஸ்டில்ட் பிளஸ் 4 மாடி, 24 வீடு, கட்டி 14 வருடம். சம்ப் 40,000 லிட்டர் (5 மீட்டருக்கு 4 மீட்டர், ஆழம் 2). மொட்டைமாடியில் 10,000 லிட்டர் கான்கிரீட் டேங்க் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் சதுரம். போர், லாரி இரண்டும் சேர்த்து சம்ப்புக்குள் வருவது தினம் 18,000 லிட்டர். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தாலும் 13,000தான் ஆகவேண்டும்.

வீட்டுக்கு ஒரு வைஃபை வால்வு, மொத்தம் 24, கசிந்தால் தானாக மூடிக்கொள்ளும் என்று ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. எடுக்கலாமா? இரண்டாவது மாடியில் ஒரு வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஓதம் வேறு நிற்கிறது. அதையும் இது கண்டுபிடிக்குமா?

மொட்டைமாடி

எடுக்காதீங்க சார். அந்த சாதனம், தெருக் குழாயிலிருந்து ஒரே பைப் வீட்டுக்குள் நுழைகிற ஊருக்குச் செய்தது. உங்களுக்கு மேல் டேங்கிலிருந்து டவுன்டேக் லைன்கள் தனித்தனியாக இறங்கும். கிச்சனுக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒவ்வொன்று. ஒரு வீட்டுக்கு இரண்டு பாத்ரூம் என்றால் தண்ணீர் மூன்று இடத்தில் உள்ளே வருகிறது. 24 வால்வு போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் காவலில் இருக்கும், முழுசாகப் போட 72 வேண்டும்.

அடுத்தது அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். நாலாவது மாடி ஷவருக்கும் டேங்குக்கும் 3 மீட்டர்தான் வித்தியாசம் என்றால் கிடைப்பது 0.3 பார். வால்வை மூடிவைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிற சாதனங்களுக்கு இது போதாது. மின்காந்தத்தில் திறக்கிற சாதாரண சொலினாய்டு வால்வும் இந்த அழுத்தத்தில் ஒழுங்காகத் திறக்காது. எங்காவது தானாக மூடும் வால்வு போட்டே ஆகவேண்டும் என்றால் மோட்டார் வைத்த பால் வால்வு வாங்குங்கள். போர் தண்ணீரில் உப்பு படிந்து இறுகிவிடும், வாரம் ஒருமுறை தானாகத் திறந்து மூடும் வசதி அதில் இருக்கவேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் கசிவு எந்தப் பகுதியில் என்று பிரித்துவிடுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

முதலில் சம்ப். இரவு 11 மணிக்கு மோட்டாரை நிறுத்தி, போர், லாரி வழிகளை மூடி, சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். உங்கள் சம்ப்பில் 1 செ.மீ. இறங்கினால் 200 லிட்டர். காலை 5 மணிக்குப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனை வேண்டாம். நிலத்தடி நீர் ஏறிநிற்கும்போது வெடிப்பு வழியே வெளித் தண்ணீர் உள்ளே வரும், மட்டம் இறங்காது, சம்ப் நல்லாத்தான் இருக்கு என்று ஏமாந்துபோவோம். மட்டம் ஏறியிருந்தால் இன்னும் மோசம், பக்கத்தில் செப்டிக் டேங்கோ சாக்கடையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே இரவு, 1 மணியிலிருந்து 4 மணி வரை மேல் டேங்க். அங்கே 1 செ.மீ. என்பது டேங்குக்கு 62.5 லிட்டர். கணக்கில் இடிக்கிற உங்கள் 5,000 லிட்டரும் (18,000 கழித்தல் 13,000) டவுன்டேக் பக்கம் போகிறது என்றால் மணிக்கு 208 லிட்டர். இரண்டு டேங்கும் மணிக்கு 1.7 செ.மீ. இறங்கும், மூன்று மணி நேரத்தில் 5 செ.மீ. நடுராத்திரி ஒன்றிரண்டு ஃப்ளஷ் சேர்ந்தாலும் இதை மறைக்க முடியாது.

இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லையென்றால் பழி ஓவர்ஃப்ளோவில். மோட்டார் ஓடும்போது மொட்டைமாடியில் நின்று பாருங்கள். லெவல் கன்ட்ரோலர் இருந்தும் மிதவையில் பாசி பிடித்து மோட்டார் நிற்காமல், வழிந்தது நேராக மழைநீர்க் குழாயில் இறங்கிப்போவது ரொம்பச் சகஜம். கீழே யாருக்கும் தெரியாது.

பைப்லைன்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மேல் டேங்க் இறங்குதுன்னு தெரிஞ்சா ஒவ்வொரு டவுன்டேக்கா மூடிப் பார்ப்பீங்க. 14 வருஷ கேட் வால்வு முழுசா அடைக்காது, உள்ளே மண் உட்கார்ந்திருக்கும். அதனால எந்த லைனை மூடினாலும் மட்டம் இறங்கிட்டே இருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. மாடிக்கு 6 வீடு, வீட்டுக்கு 3 லைன்னா மொத்தம் 18 லைன். முதல் செலவா 18 லைனுக்கும் பால் வால்வு மாத்துங்க, கூடவே யூனியன் (கழட்டி மாட்டுற ஜாயின்ட்) போடுங்க. யூனியன் இல்லாம ஒட்டிட்டா பின்னாடி மீட்டர் வைக்கணும்னா மறுபடி அறுக்கணும். வெயில்ல கிடக்கிற பிவிசி நொறுங்கும், அறுக்கும்போது பக்கத்து ஜாயின்ட்டும் போகும், கையில எக்ஸ்ட்ரா எல்போ வச்சுக்கோங்க.

லைன் தெரிஞ்சதும் அந்த வரிசையில இருக்கிற எல்லா வீட்டு ஃப்ளஷ் டேங்க்லயும் கேசரி பவுடர் கரைச்சு ஊத்தி 20 நிமிஷம் யாரையும் ஃப்ளஷ் பண்ண விடாதீங்க. கோப்பையில கலர் வந்தா அடி வாஷர் போச்சுன்னு அர்த்தம். பாதிக் கேஸ் இதுலயே முடியும்.

இரண்டாவது மாடி ஓதத்துக்கும் நீங்க சொல்ற சிஸ்டத்துக்கும் சம்பந்தமே இல்ல. மேல் வீட்டு பாத்ரூமோட தாழ்ந்த ஸ்லாப்ல தண்ணி தேங்கி இருக்கும், தரைத் தண்ணி வடியுற நஹானி டிராப்போட ஜாயின்ட் விட்டிருக்கும். அது கழிவு லைன். மீட்டரைத் தாண்டி குழாய்ல திறந்து விட்ட தண்ணி, அதை எந்த மீட்டரும் கசிவுன்னு சொல்லாது. டிராப்பை அடைச்சு, கலர் கலந்து ரெண்டு இஞ்ச் தண்ணி 24 மணி நேரம் நிறுத்துங்க. மட்டம் குறைஞ்சாலோ கீழே கலர் தெரிஞ்சாலோ தரை மேலயும் டிராப்லயும்தான் வேலை. அசையாம நின்னும் ஓதம் காயலைன்னா சுவருக்குள்ள போற சிபிவிசி (பிளாஸ்டிக்) தண்ணி லைனை ஹேண்ட் பம்ப் வச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க.

சங்கம்_செயலர்

நன்றி. தெர்மல் கேமராவும் ஒட்டுக்கேட்கிற கருவியும் கொண்டுவந்து ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்கிறார்களே? அப்புறம், இந்தச் சோதனைகளை ஒருமுறை செய்யலாம். தினமும் கண்காணிக்க என்ன வைப்பது?

மொட்டைமாடி

ஒலிக் கருவி இரும்புக் குழாயில், நல்ல அழுத்தத்தில் வேலை செய்யும். 0.3 பாரில் பிளாஸ்டிக் குழாய் சத்தமே போடாது. தெர்மல் கேமராவுக்கு வெப்ப வித்தியாசம் வேண்டும். கீசர் லைன் கசிவு அழகாகத் தெரியும், பச்சைத் தண்ணீர் லைனில் ஓதம் எங்கே என்று காட்டும், துளை எங்கே என்று காட்டாது.

நிரந்தரமாக வைக்க, இரண்டு மேல் டேங்கிலும் சம்ப்பிலும் ஒவ்வொரு லெவல் சென்சார் போதும். தண்ணீருக்குள் இறக்குகிற அழுத்த வகை வாங்குங்கள். மூடியில் மாட்டி ஒலி அலையால் அளக்கிற அல்ட்ராசானிக், ஆவி படிந்து தப்பாகக் காட்டும், மேல் 20 செ.மீ.யையும் பார்க்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் பதிவாகி, நள்ளிரவு சரிவு மணிக்கு 40 லிட்டரைத் தாண்டினால் மூன்று பேருக்கு எஸ்எம்எஸ். அவ்வளவுதான். சம்ப்பின் கான்கிரீட் மூடிக்குள்ளிருந்து வைஃபை வராது. 865 மெகாஹெர்ட்ஸ் லோரா (தூரம் போகிற ரேடியோ இணைப்பு) கேளுங்கள், ஆன்டெனாவை மூடிக்கு வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

18 லைனுக்கும் மீட்டர் வைப்பது இரண்டாம் கட்டம். வைத்தால் அல்ட்ராசானிக் மீட்டர். சக்கரம் சுற்றுகிற மீட்டர் தானே அழுத்தத்தைத் தின்னும், நாலாவது மாடிக்காரர் ஷவர் வரவில்லை என்று சண்டைக்கு வருவார். டேங்க் காலியாகி நிரம்பும்போது காற்றையும் தண்ணீர் என்று எண்ணும். மீட்டர், டவுன்டேக் லைனில் காற்று போய்வர வைத்த காற்றுக்குழாய்க்கு முன்னால், எப்போதும் குழாய் நிறைந்திருக்கிற இடத்தில் வரவேண்டும்.

வீட்டுக்குள் தேவையானது தரையில் வைக்கிற சின்ன சென்சார்கள்தான்: ஆர்ஓ அடியில், வாஷிங் மெஷின் பின்னால். ஆர்ஓவின் கால் இஞ்ச் ட்யூப் புஷ் ஃபிட்டிங்கிலிருந்து நழுவினால் விடிவதற்குள் வீடு நனைந்துவிடும். தரை துடைக்கிற வழியில் வைக்காதீர்கள், தினமும் கத்தினால் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். வெளியூர் போகிறவர்கள் டக்ட்டில் உள்ள மூன்று வால்வையும் கையால் மூடிவிட்டுப் போகட்டும்.

அளவுகோல்

எந்த மீட்டர் எடுத்தாலும் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. 15 மி.மீ. பி வகுப்பு (துல்லியத் தரம்) மெக்கானிக்கல் மீட்டருக்கு மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே துல்லியத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அந்த லைனில் ஒரு குழாயை, ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப 6 நிமிடம் ஆகிற அளவுக்கு ஒழுக விடுங்கள். மணிக்கு 10 லிட்டர், நாளைக்கு 240. இதை இரவு முழுக்க ஓடவிட்டு, அலாரம் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். பதிவை எக்செல்லில் இறக்கித் தரச் சொல்லுங்கள். சந்தா கட்டாவிட்டால் பழைய ரீடிங்கும் மறைந்துவிடுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.